பாதரசம் கலந்த சிவப்பழகு கிரீம்: சட்டத்தில் தடை இருக்கிறது, கடையில் யார் பார்ப்பது?

கம்பம்_செல்வி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் நாத்தனார் மகளுக்கு வயது 22. போன வருடம் ஆடி மாதத்தில் கால் வீங்க ஆரம்பித்தது. நின்றுகொண்டே செய்கிற வேலை, அதனால்தான் என்று விட்டுவிட்டோம். அப்புறம் காலையில் எழுந்தால் கண்ணிமை உப்பியிருந்தது. சிறுநீர் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரைக்கிறது என்று ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். சோதித்துப் பார்த்தால் சிறுநீரில் புரதம் ஏகமாகப் போகிறது. அவளுக்குச் சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தமும் இல்லை. சிறுநீரகத்தில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு மருத்துவர் கேட்ட கேள்வி எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. "முகத்துக்கு என்ன கிரீம் போடுகிறாய்?"

மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததிலிருந்து எட்டு மாதமாக ஒரு கிரீம் போட்டிருக்கிறாள். தெரிந்த இடத்தில் வாங்கியதுதான். டப்பாவில் ஒரு பெண்ணின் படம் இருந்தது. தயாரித்தவர் முகவரி இல்லை, உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதும் இல்லை. இரண்டே வாரத்தில் நிறம் வெளுத்தது. "என்னடி, ஆளே மாறிட்டே" என்று எல்லோரும் சந்தோஷமாகக் கேட்டோம். நானும்தான் கேட்டேன். சிறுநீரில் பாதரசம் இருந்தது.

கிரீமை நிறுத்தி மருந்து கொடுத்ததில் இப்போது பெரும்பாலும் சரியாகிவிட்டாள். எல்லோருக்கும் இப்படிச் சரியாகும் என்று நம்பி உட்கார முடியாது.

எங்கள் ஊரிலிருந்து குமுளி மலை ஏறினால் கேரளா. அங்கே மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் இதையே கவனித்து எழுதியிருக்கிறார்கள். 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட வகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு நெல்-1 என்ற புரதம் சம்பந்தப்பட்ட வகை. அந்த 15-ல் 13 பேர் சிவப்பழகு கிரீம் போட்டவர்கள். அந்த மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று ஆரம்பித்துக் கடை கடையாகச் சோதனை போட்டது. பிடிபட்டவற்றில் சிலவற்றில் அனுமதித்த அளவைப் போல் 12,000 மடங்கு வரை பாதரசம் இருந்ததாக 2025-ல் அந்த மாநில சுகாதார அமைச்சரே சொன்னார்.

என் கேள்வி இதுதான். பாதரசம் சேர்க்கக் கூடாது என்று நாடு முழுவதுக்கும் சட்டம் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் அந்த டப்பா எப்படி எங்கள் தெருவுக்கு வந்தது? மலைக்கு அந்தப் பக்கம் செய்ததை நம் பக்கமும் விடாமல் செய்ய வேண்டாமா?

ஆய்வகத்தான்

செல்வி அக்கா, பிள்ளை தேறி வருவது பெரிய நிம்மதி.

எண்களைக் கொஞ்சம் கைக்கு எட்டும்படி சொல்கிறேன், ஏனென்றால் 12,000 மடங்கு என்றால் மனதில் எதுவும் பதியாது. இந்தியாவில் 2020-ல் வந்த அழகுசாதன விதிகளின்படி, தெரியாமல் கலந்துவிட்ட பாதரசம்கூட 1 பிபிஎம் தாண்டக் கூடாது. ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். 30 கிராம் டப்பாவில் அது 0.03 மில்லிகிராம், கண்ணுக்கே தெரியாத அளவு. 12,000 பிபிஎம் உள்ள அதே டப்பாவில் 360 மில்லிகிராம் பாதரசம் இருக்கும். ஒரு சிஎஃப்எல் பல்பில் 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது சர்வதேச வரம்பாக இருந்தது. எழுபது பல்பை உடைத்து அதில் உள்ளதையெல்லாம் முகத்தில் தேய்த்துக்கொள்வது போல.

கிரீம் ஏன் அவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்றால், தோலுக்கு நிறம் தருவது மெலனின். அதை உண்டாக்க டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும், பாதரசம் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. முகம் உண்மையிலேயே வெளுக்கும். நிறுத்தினால் நிறம் திரும்பிவிடும், சிலருக்கு முன்னைவிடக் கறுக்கும். உடனே மறுபடி டப்பாவைத் தேடுவார்கள்.

இதற்கு வாசனை கிடையாது. தொட்டுப் பார்த்தோ முகர்ந்து பார்த்தோ கண்டுபிடிக்க முடியாது.

விருதை_குமரேசன்

செல்வி, உங்கள் வீட்டில் நடந்தது வருத்தமானது. ஆனால் நான் வேறு மாதிரி நினைக்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். அது வேலை செய்யவில்லை என்பதற்காக இன்னும் நாலு ஆய்வாளரை இறக்கினால் மாமூல்தான் கூடும். 18 வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன். சோதனைக்கு வருகிறவருக்கு எடை போடத் தெரியும், பொருளைப் பார்க்கத் தெரியாது. முகவரி இல்லாத டப்பாவை வாங்கக் கூடாது என்ற விழிப்பு மக்களுக்கு வந்தால் போதும், கடைக்காரன் தானாக வைப்பதை நிறுத்துவான். சிகரெட் கெடுதி என்று தெரிந்தே பிடிக்கிறார்கள், அதை அரசு தடுக்கவா செய்கிறது? வளர்ந்தவர்களுக்கு அவரவர் பொறுப்பு.

கம்பம்_செல்வி

குமரேசன் அண்ணே, சிகரெட் பெட்டியில் அழுகிய வாயின் படம் போட்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுப் பிடிப்பவன் அவனாக முடிவெடுக்கிறான், சரி. என் பிள்ளையின் டப்பாவில் என்ன போட்டிருந்தது? ஒன்றுமே இல்லை. அவள் எதைத் தெரிந்துகொண்டு முடிவெடுத்திருப்பாள்?

முகவரி இல்லாததை வாங்கியது எங்கள் தப்பு என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கொடுத்தவர் தெரிந்தவர். அவர் மேல் உள்ள நம்பிக்கையில் வாங்கினாள். ஊரில் பாதிச் சாமானை அப்படித்தானே வாங்குகிறோம்?

ரேவதி_பியூட்டி

நான் பார்லர் நடத்துகிறவள். பதில் போடலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

செல்வி அக்கா, எங்களைப் போன்றவர்களில் பாதிப் பேருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பைக்கில் பெரிய பை மாட்டிக்கொண்டு ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். ஃபேஷியல் கிட், வாக்ஸ், திரெட், எல்லாம் அவரிடம்தான். கூடவே 'நைட் கிரீம்' என்று சின்ன டப்பா வைத்திருப்பார். "அக்கா, மூணு நாள்ல ரிசல்ட்டு, கஸ்டமர் உங்களை விடவே மாட்டாங்க." நானும் வாங்கி விற்றிருக்கிறேன். மறைக்க விரும்பவில்லை. முதலில் நான் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன், எனக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆய்வகத்தான் சொன்னதைப் படித்த பிறகு அந்த 'நன்றாக' என்னவென்று புரிகிறது.

ஆனால் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. கேரளா மாதிரி ஆபரேஷன் என்று இறங்கினால் முதலில் மாட்டுவது அந்தப் பைக்காரர் இல்லை, நான்தான். என் கடைக்குப் பலகை இருக்கிறது, அவருக்கு இல்லை. கடனில் ஆரம்பித்த கடை. குமரேசன் அண்ணன் சொல்கிற மாமூல் பயம் சும்மா இல்லை.

இன்னொன்று. என்னிடம் வருகிற பெண்களில் முக்கால்வாசிப் பேர் கல்யாணத்துக்கு முன்னால் வருகிறார்கள். கூட வருகிற அம்மாவே "கொஞ்சம் கலர் வரணும்மா" என்று கேட்கிறார். நான் கொடுக்காவிட்டால் அடுத்த தெருவில் வாங்குவார்கள். அதை எந்த ஆய்வாளர் நிறுத்துவார்?

கொடை_ஜோசப்

இந்த இழையில் எங்கள் ஊர் வராமல் இருக்க முடியாது.

1983-ல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த வெப்பமானி ஆலையைப் பெயர்த்துக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணாடி வெளியிலிருந்து வரும், பாதரசம் வெளியிலிருந்து வரும், செய்த வெப்பமானியும் வெளிநாட்டுக்கே போகும். இங்கே தங்கியது கழிவும் எங்கள் ஆட்களின் உடம்பும். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடந்தது. அதைக் கண்டுபிடித்து வெளியே கொண்டுவந்தவர்கள் ஊர்க்காரர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும். ஆய்வு செய்ய வேண்டிய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அல்ல. ஆலை மூடியது. 2003-ல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே கப்பலேறியது. தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு வர 2016 ஆனது. ஆலையை ஒட்டிய பாம்பார் சோலைக் காட்டுப் பக்கத்து மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்ற வாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை.

குமரேசன், விழிப்புணர்வு போதும் என்கிறீர்கள். அந்த ஆலையில் வேலை செய்தவர்கள் பாதரசத்தைக் கண்ணால் பார்த்தார்கள், கையால் தொட்டார்கள். எவ்வளவு உடம்பில் ஏறியது என்பதை மட்டும் பார்க்க முடியவில்லை. அதற்குக் கருவி வேண்டும், ஆய்வகம் வேண்டும், அளந்ததை மறைக்காமல் சொல்கிற ஆள் வேண்டும். தனி மனிதனால் ஆகிற காரியமில்லை.

தயா_மட்டக்களப்பு

வணக்கம். இலங்கையிலும் இதே கதைதான். பேர்தான் வேறு, இங்கே வெள்ளையாக்கும் கிறீம் என்போம். வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தக்காரரின் பெட்டியில் வரும், புடவைக் கடையின் ஒரு மூலையிலும் இருக்கும். எங்கட அக்கா பாவித்துக் கையெல்லாம் தடித்துப் பிறகு விட்டவ.

2023 பெப்ரவரியில் காபோன், ஜமைக்கா, இலங்கை மூன்று நாட்டையும் சேர்த்து ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் ஒரு திட்டம் தொடங்கின. 140 லட்சம் டொலர். பாதரசக் கிறீமை ஒழிக்கிறதுதான் நோக்கம். அதில் எனக்குப் பிடித்தது, சட்டத்தைத் திருத்துவதோடு சேர்த்து 'வெள்ளைதான் வடிவு' என்ற நினைப்பையும் மாற்ற வேணும் என்று எழுதியிருந்தார்கள். ரேவதி அக்கா கேட்ட கேள்விக்கு அது ஒரு பாதிப் பதில் என்று நினைக்கிறேன்.

ஆய்வகத்தான்

தயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பாகிஸ்தானில் அரசே 59 கிரீம்களை வாங்கிச் சோதித்தது, 56-ல் 1 பிபிஎம்முக்கு மேல் பாதரசம் இருந்ததாக 2019 கடைசியில் அறிவித்தார்கள். இந்த மாதிரி கிரீம்களைத் தயாரிக்கும் நாட்டிலேயே நிலைமை இது. நம் ஊருக்கு வருவது எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மினசோட்டா_அருண்

நான் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில் இருக்கிறேன். மாநில அரசு தனியாக என்ன செய்ய முடியும் என்பதற்கு இங்கே ஓர் உதாரணம் இருக்கிறது.

மத்திய அரசின் விதி இங்கேயும் பல வருடமாக உண்டு. கிட்டத்தட்ட நம் விதி மாதிரிதான்: 1 பிபிஎம், கண்ணைச் சுற்றிப் போடும் பொருளுக்கு மட்டும் 65 பிபிஎம் வரை சலுகை. மினசோட்டா 2007-ல் அந்தக் கண் மைச் சலுகையையும் எடுத்துவிட்டு, அழகுசாதனத்தில் பாதரசம் சேர்க்கவே கூடாது என்று சட்டம் போட்டது. 2008 ஜனவரி 1 முதல் அமல். அமெரிக்காவில் இப்படிச் செய்த முதல் மாநிலம்.

சட்டம் வந்து மூன்று வருடம் கழித்து மாநில சுகாதாரத் துறை கடைகளில் 27 கிரீம்களை வாங்கிச் சோதித்தது. 11-ல் பாதரசம் இருந்தது. கடுமையான சட்டம் உள்ள இடத்தில், சாதாரணக் கடை அலமாரியில்! அதனால் குமரேசன் அண்ணன் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, சட்டப் புத்தகம் மட்டும் டப்பாவை நிறுத்தவில்லை. ஆனால் சோதித்ததால்தான் அது தெரியவே வந்தது. அதற்குப் பிறகு இங்கே பலர் வேலை செய்தார்கள். சோமாலியப் பின்னணி கொண்ட அமிரா அடாவே என்பவர் தன் சமூகப் பெண்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசிப் பேசி இதை ஒரு பொதுப் பிரச்சினையாக்கினார். 2019-ல் பெரிய இணையக் கடை ஒன்றை நெருக்கிப் பதினைந்து கிரீம்கள் போலப் பட்டியலிலிருந்து எடுக்க வைத்தார்கள்.

இன்னொரு விஷயம் என்னை ரொம்ப உலுக்கியது. கிரீம் போடாதவர்களின் சிறுநீரிலும் பாதரசம் வருகிறது. துண்டு, தலையணை உறை, கதவுக் கைப்பிடி எல்லாவற்றிலும் ஒட்டுகிறது. அம்மா முகத்தைக் குழந்தை தடவுகிறது, அந்தக் கையையே வாயில் வைக்கிறது. 'அவரவர் பொறுப்பு' என்ற வாதம் எனக்கு அங்கேதான் உடைந்தது. அந்தக் குழந்தை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

கம்பம்_செல்வி

அருண் தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எழுந்துபோய் அவள் வீட்டுத் தலையணை உறைகளை எல்லாம் எடுத்து வெளியே போடச் சொல்லி போன் செய்தேன். அவள் அண்ணன் குழந்தைக்கு ஒன்றரை வயது. அவள் மடியிலேயேதான் கிடப்பான். யாரும் எங்களிடம் இதைச் சொல்லவில்லை.

ஆய்வகத்தான்

அக்கா, பதற வேண்டாம். குழந்தைக்கும் சிறுநீரில் பாதரசம் பார்க்கச் சொல்லி அதே மருத்துவரிடம் கேளுங்கள். டப்பாவைக் குப்பையில் போடாமல், தண்ணீரில் கொட்டாமல், பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைத்திருங்கள். அது ஆதாரமும்கூட.

சித்த_பழனி

நான் பதிவு பெற்ற சித்த மருத்துவன். இழை போகிற போக்கில் 'பாதரசம் என்றாலே தடை' என்று முடிந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நம் மருத்துவத்தில் ரசம் (பாதரசம்), அதன் சேர்மங்களான லிங்கம், வீரம், பூரம், ரசச்செந்தூரம் என்று ஐந்தையும் பஞ்சசூதம் என்கிறோம். பூரம் என்பது வெள்ளைக்காரன் கேலமல் என்று சொன்ன அதே வகைச் சரக்கு. பழைய காலத்து மேனாட்டு முகக் களிம்புகளிலும் இருந்தது. இவற்றை நாங்கள் யாருக்கும் அள்ளிக் கொடுப்பதில்லை. சுத்தி (நஞ்சு நீக்கும் முறை) உண்டு, அளவு உண்டு, அனுபானம் (மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது) உண்டு, பத்தியம் உண்டு. அது மட்டுமல்ல, மருந்து அழகுசாதனச் சட்ட விதிகளின் இ(1) அட்டவணையில் இந்தச் சரக்குகள் பெயரோடு இருக்கின்றன. சேர்த்தால் 'மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும்' என்ற எச்சரிக்கை புட்டியில் இருந்தாக வேண்டும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையும் பாரம்பரிய, சமயப் பயன்பாட்டுப் பொருள்களைத் தன் தடைப் பட்டியலுக்கு வெளியே வைத்திருக்கிறது.

ஆக, நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம், புட்டியிலும் எழுதி ஒட்டுகிறோம். பைக்கில் வரும் டப்பாவையும் எங்களையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

கொடை_ஜோசப்

ஐயா, உங்கள் மருத்துவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் 'பாரம்பரியம்' என்ற வாசல் வழியாக யார் யாரோ நுழைகிறார்கள். ரசமணி என்று கோயில் வாசலிலும் இணையத்திலும் விற்கிறார்களே, கட்டிய, அதாவது கெட்டியாக்கிய பாதரசம் என்று. சிலர் அதைப் பாலில் போட்டுக் குடிக்கச் சொல்கிறார்கள். அதை யார் சோதித்தார்கள்? சரியாகக் கட்டப்பட்டதா, உள்ளே வேறென்ன உலோகம் இருக்கிறது என்று வாங்குபவருக்கு எப்படித் தெரியும்?

சித்த_பழனி

ஜோசப், அதில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன். ரசமணியைப் பாலில் போட்டுக் குடிக்கச் சொல்பவர்களை நானே பலமுறை கண்டித்திருக்கிறேன். மருத்துவர் கை கடந்து சந்தைக்குப் போன எந்தப் பாதரசமும் சோதனைக்கு உட்பட வேண்டும். உடன்படிக்கை விலக்கு கொடுத்திருக்கிறது என்பதற்காக நாமும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதில்லை. விலக்கு என்பது உலகப் பட்டியலிலிருந்துதான், நம் நாட்டுச் சட்டத்திலிருந்து இல்லை.

மதுரை_வாசு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். வீட்டில் பழைய கண்ணாடி வெப்பமானி ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் உடைந்தால் தரையில் உருட்டி விளையாடுவோம், முத்து முத்தாக ஓடும். இப்போது என் மகள் கையில் கிடைத்தால் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

ஆய்வகத்தான்

வாசு, உடையாதவரை ஆபத்தில்லை. பிளாஸ்டிக் டப்பாவில் துணி வைத்து மூடி, எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒன்றில் அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை இருக்கும். உடைந்தால் குழந்தைகளை வெளியேற்றி, ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை நிறுத்துங்கள். துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், வேக்குவம் கிளீனர் கூடவே கூடாது, இரண்டும் அதைப் பொடியாக்கிக் காற்றில் கலந்துவிடும். கெட்டி அட்டையால் உருண்டைகளை ஒன்று சேர்த்து, ஒட்டு நாடாவால் மிச்சத்தை எடுத்து, மூடிய புட்டியில் போடுங்கள். தங்க மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். பட்டால் தங்கம் வெளுத்துவிடும்.

தங்கம் என்றதும் ஞாபகம் வருகிறது. சில வெளிநாட்டு கிரீம்களின் உறையிலேயே 'வெள்ளி, தங்கம், அலுமினியம், ரப்பர் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று இருக்கும். ஒரு முகக் கிரீம் நகையைத் தொடக் கூடாது என்றால் காரணம் என்னவாக இருக்கும்? அப்படி எழுதியிருந்தால் தொடவே வேண்டாம்.

விருதை_குமரேசன்

குழந்தை விஷயம் நான் யோசிக்காதது. அருண் சொன்னதை மறுக்க எனக்கு வார்த்தை இல்லை. ஆனால் ரேவதி சொன்ன பயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. சோதனை வேண்டும் என்கிறீர்கள், சரி. யாரை? எந்த அதிகாரத்தில்? மாநில அரசு மத்தியச் சட்டத்தைத் தாண்டி என்ன செய்ய முடியும்?

நிலா_வழக்கறிஞர்

இதைத்தான் எழுத நினைத்தேன், குமரேசன் சார் கேட்டுவிட்டார்.

1940-ம் வருட மருந்து, அழகுசாதனச் சட்டம் மத்திய அரசுடையது. விதி செய்வதும் அவர்கள்தான். ஆனால் நாட்டுக்குள் தயாரிக்க உரிமம் கொடுப்பது மாநிலம். கடையில் நுழைந்து மாதிரி எடுக்கும் ஆய்வாளரும் மாநில ஆள்தான். இறக்குமதிக்குப் பதிவு மத்தியில். ஓட்டை எங்கே என்றால், மருந்து விற்க உரிமம் வேண்டும், அழகுசாதனம் விற்க எந்த உரிமமும் வேண்டாம். ஆக மாநிலத்திடம் மருந்துக் கடைப் பட்டியல் இருக்கிறது, கிரீம் விற்கும் கடைப் பட்டியல் இல்லை. தேடித்தான் போக வேண்டும். கேரளா தேடிப் போனது, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

தண்டனை இல்லாமலும் இல்லை. தீங்கான, நஞ்சான பொருள் கலந்த அழகுசாதனம் 'கலப்படம்' ஆகும். 27-ஏ பிரிவில் மூன்று வருடம் வரை சிறையும், 50,000 ரூபாய் அல்லது பறிமுதலான சரக்கின் மதிப்பைப் போல் மூன்று மடங்கு, இதில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதமும் உண்டு.

ரேவதி, உங்கள் பயத்துக்கு இரண்டு பிரிவுகள். 19(3) சொல்வது: நீங்கள் தயாரிப்பாளரோ அவருடைய ஏஜெண்டோ இல்லாமல், உரிமம் உள்ளவரிடம் வாங்கி, கவனமாக இருந்தும் கலப்படம் தெரிய வழியில்லாமல், வந்த நிலையிலேயே ஒழுங்காக வைத்து விற்றிருந்தால், அதை நிரூபித்துத் தப்பலாம். 18-ஏ சொல்வது: ஆய்வாளர் கேட்டால் யாரிடம் வாங்கினீர்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் உயிர் பில்தான். பில் இல்லாத டப்பாவுக்குப் பைக்காரர் பொறுப்பு நழுவி உங்கள் தலையில் விழும்.

அமில வீச்சு வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, மாநிலங்கள் 1919-ம் வருட நச்சுப்பொருள் சட்டத்தை எடுத்து அமில விற்பனைக்கு விதி போட்டன. யார் வாங்கினார், எதற்கு என்று பதிவேடு வைக்க வேண்டும் என்றார்கள். அதே சட்டம் மாநிலத்தின் கையில் இப்போதும் இருக்கிறது. கிரீம் செய்யத் தேவையான பாதரச உப்பு யாருக்குப் போகிறது என்று பார்க்க மனமிருந்தால் வழி இருக்கிறது. இது என் சொந்தக் கருத்து, மற்ற வழக்கறிஞர்கள் மாறுபடலாம்.

விருதை_குமரேசன்

தெளிவாகச் சொன்னீர்கள், நன்றி. ஆய்வாளர்கள் மேல் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். சோதனை செய்ததும் எந்தப் பொருளில் எவ்வளவு இருந்தது என்று பெயரோடு வெளியிட வேண்டும். டப்பாவின் படத்தோடு, தமிழில், பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் ஒட்ட வேண்டும். அப்படிச் செய்தால் மாமூல் வாங்கி மறைக்க வழி குறையும். அதற்கு நான் ஆதரவு.

கம்பம்_செல்வி

அண்ணே, நான் கேட்பதும் அதேதான். பெயர் தெரிந்திருந்தால் அவள் வாங்கியிருக்க மாட்டாள்.

மினசோட்டா_அருண்

நிலா, கண் மைக்கு இந்தியாவில் இன்னும் சலுகை இருக்கிறதா?

நிலா_வழக்கறிஞர்

2020 விதிகளில் இருக்கிறது, பதனப்பொருளாக 70 பிபிஎம் வரை. கிருமி வளராமல் இருக்க என்பது காரணம். ஆனால் 2023-ல் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா மாநாட்டில் அழகுசாதனத்துக்கான 1 பிபிஎம் வரம்பையே எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த எதையும் 2025-க்குப் பிறகு தயாரிக்கவோ ஏற்றுமதி, இறக்குமதி செய்யவோ கூடாது என்று முடிவெடுத்தார்கள். இந்தியா 2018 ஜூனில் உடன்படிக்கையை ஏற்ற நாடு. இந்த 70 பிபிஎம் அளவையும் கையோடு திருத்திவிட வேண்டும் என்பது என் ஆசை. பாதரசம் இல்லாத பதனப்பொருள்கள் நிறைய வந்துவிட்டன.

அப்புறம் செல்வி அக்கா, ரேவதி, உங்கள் இருவருக்கும் முக்கியமான ஒன்று. அதே சட்டத்தின் 26-வது பிரிவு. தான் வாங்கிய மருந்தையோ அழகுசாதனத்தையோ யார் வேண்டுமானாலும், குறிப்பிட்ட கட்டணம் கட்டி, அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்துக் கையெழுத்திட்ட அறிக்கை வாங்கலாம். ஆய்வாளர் வருவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பலருக்கு இப்படி ஒரு உரிமை இருப்பதே தெரியாது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உங்கள் மாவட்ட அலுவலகத்தில் விண்ணப்பப் படிவம் கேளுங்கள்.

ரேவதி_பியூட்டி

நிலா மேடம், என்னிடம் இரண்டு டப்பா மிச்சம் இருக்கிறது. ஒன்று பிரிக்கவே இல்லை. ஆனால் பில் கிடையாது. ஏற்பார்களா?

நிலா_வழக்கறிஞர்

சட்டம் 'வாங்கிய பொருள்' என்றுதான் சொல்கிறது. பில் இருந்தால் கேள்வியே வராது. அந்தச் சப்ளையரிடம் அடுத்த முறை பில் கேட்டு ஒன்று வாங்குங்கள். இருக்கிற இரண்டையும் யாருக்கும் விற்காமல் தனியாக எடுத்து வையுங்கள்.

ரேவதி_பியூட்டி

நேற்று வந்தார், கேட்டேன். "இதுக்கெல்லாம் பில் போடமாட்டாங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, நைட் கிரீம் மட்டும் இந்த முறை இல்லை என்று கிளம்பிவிட்டார். பையில் இருந்ததை நான் பார்த்தேன்.

பேருந்து நிலையம் பக்கத்து ஃபேன்சி கடையில் அதே பெண் படம் போட்ட டப்பா கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அங்கே கம்ப்யூட்டர் பில் போடுகிறார்கள். நாளைக்கு மதியம் கடை சாத்தியதும் போய் வாங்கிக்கொண்டு, அப்படியே மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறேன். செல்வி அக்கா, உங்கள் பிள்ளையின் டப்பாவைப் படம் எடுத்துப் போடுங்கள். ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும்.

கம்பம்_செல்வி

படம் போட்டிருக்கிறேன் ரேவதி. மூடி மட்டும் கொஞ்சம் உடைந்திருக்கும், கோபத்தில் நான் எறிந்தது.

குட்டிப்பயலுக்கு இன்று காலை சிறுநீர் எடுத்துக் கொடுத்துவிட்டோம். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.